‘ரன்’ என்றால் ஓடுவது மட்டும்தானா?

பிள்ளைகளோடு பெற்றோரும் படிக்க ஓர் ஆங்கிலப் பாடம்



நமது ஞாயிற்றுக்கிழமை ஆங்கில வகுப்பில் பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் பாடம் வாசித்தார். ‘மை ஃபாதர் ரன்ஸ் எ ஷாப்’ என்பது வாக்கியம். “என் அத்தா கடைக்கு ஓடுகிறார்” என்று பொருள் சொன்னார். வகுப்பே சிரித்தது. தடுத்திருக்க வேண்டிய நாங்களும் சிரித்துவிட்டோம். அடுத்த இரண்டு ஞாயிறும் அவர் வரவில்லை.

வீட்டுக்குப் போய் விசாரித்தோம். அவர் தன் நோட்டை எடுத்துக் காட்டினார். ‘ரன் – ஓடு’ என்று நாங்கள் எழுதிப் போட்டதை அப்படியே எழுதி வைத்திருந்தார். “நீங்க சொல்லிக் கொடுத்ததைத்தானே சொன்னேன்” என்றார். எங்களிடம் பதில் இல்லை. ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என்று மனப்பாடம் செய்ய வைத்தது எங்கள் தவறு. அந்தத் தவறைத் திருத்தவே இந்தப் பாடம்.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் புதிய திருத்தத்துக்காக இந்த ஒரு சொல்லை ஆராய, பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியருக்கு ஒன்பது மாதங்களுக்கு மேல் ஆனது. வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்கள் இருப்பதாக 2011இல் செய்தி வந்தது. அத்தனையும் நமக்குத் தேவையில்லை. அன்றாடம் காதில் விழுவதைத் தெரிந்துகொண்டால் போதும்.

1. நம் ‘ஓடு’ பொருந்தும் இடங்கள்

தமிழிலும் ‘ஓடு’ என்றால் காலால் ஓடுவது மட்டுமல்ல. பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகளில் தண்ணீர் திறந்தால் கால்வாயில் தண்ணீர் ஓடுகிறது. பஸ் ஓடுகிறது. மில்லில் மிஷின் ஓடுகிறது. படம் நூறு நாள் ஓடுகிறது. இவை எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்திலும் ‘ரன்’ என்றே சொல்லலாம்.

‘வாட்டர் ரன்ஸ் இன் த கெனால்’ – கால்வாயில் தண்ணீர் ஓடுகிறது.
‘த பொதிகை எக்ஸ்பிரஸ் ரன்ஸ் டெய்லி’ – பொதிகை எக்ஸ்பிரஸ் தினமும் ஓடுகிறது.
‘த ட்ரெயின் இஸ் ரன்னிங் லேட்’ – ரயில் தாமதமாக வந்துகொண்டிருக்கிறது.

2. நாம் ‘நடத்து’ என்னும் இடங்கள்

கடை, ஹோட்டல், பள்ளிக்கூடம், சங்கம் எதுவானாலும் தமிழில் நாம் நடத்துகிறோம். ஆங்கிலத்தில் அதற்கும் ‘ரன்’தான். ‘ஷி ரன்ஸ் எ டெய்லரிங் ஷாப்’ என்றால் அவர் தையல் கடை நடத்துகிறார். தமிழில் கடை நடக்கிறது, ஆங்கிலத்தில் கடை ஓடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். நம் மாணவர் தடுக்கியதும் இங்கேதான்.

3. உடம்பு பற்றிப் பேசும்போது

இதைத் தாய்மார்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஆஸ்பத்திரியில் டாக்டர், ‘இஸ் ஹி ரன்னிங் எ டெம்பரேச்சர்?’ என்று கேட்டால், பையனுக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று கேட்கிறார். ‘ரன்னிங் நோஸ்’ என்றால் மூக்கு ஒழுகுகிறது. ‘டஸ் டயாபடீஸ் ரன் இன் யுவர் ஃபேமிலி?’ என்றால் உங்கள் குடும்பத்தில் பரம்பரையாகச் சர்க்கரை நோய் உண்டா என்று பொருள். புரியாமல் ‘நோ’ என்று தலையாட்டிவிட்டால், டாக்டருக்குத் தெரிய வேண்டிய விஷயம் தெரியாமலே போய்விடும்.

4. பின்னால் ஒரு சிறு சொல் சேர்ந்தால்

ரன் அவே – ஓடிப்போவது.
ரன் அவுட் ஆஃப் – தீர்ந்துபோவது. ‘வி ரேன் அவுட் ஆஃப் ரைஸ்’ – வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது.
ரன் இன்ட்டு – ஒருவரை எதிர்பாராமல் சந்திப்பது. வண்டியைப் பற்றிச் சொன்னால் மோதுவது.
ரன் ஓவர் – வண்டி ஒருவர் மேல் ஏறிவிடுவது.

கிரிக்கெட்டில் ‘ரன் அவுட்’ என்றால் பிள்ளைகள் நமக்கே விளக்குவார்கள். அந்த ‘ரன் அவுட்’ வேறு, அரிசி தீர்ந்துபோகும் ‘ரன் அவுட்’ வேறு.

5. காலமும் தேர்தலும்

வாடகைப் பத்திரத்தில் ‘த அக்ரிமென்ட் ரன்ஸ் ஃபார் 11 மந்த்ஸ்’ என்று இருந்தால், ஒப்பந்தம் 11 மாதம் செல்லுபடியாகும் என்று அர்த்தம். கையெழுத்துப் போடும் முன் இதைக் கவனிக்க வேண்டும். தேர்தலில் நாம் நிற்கிறோம். பிரிட்டிஷ் ஆங்கிலத்திலும் ‘ஸ்டாண்ட்’ என்றே சொல்வார்கள். அமெரிக்கர்களோ ‘ரன்’ என்கிறார்கள்.

காலம் மாறும்போது

இன்று ‘ரன்’, நேற்று ‘ரேன்’, ‘ஹேவ்’ அல்லது ‘ஹேஸ்’ சேர்ந்தால் மீண்டும் ‘ரன்’. ‘ரன்ட்’ என்று ஒரு சொல் இல்லை.

மக்தபில் படித்த சொல்

ஒரு சொல் பல வேலை செய்வது நம் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. குர்ஆன் ஓதும்போது ‘தஜ்ரீ’ என்ற சொல்லைப் பல இடங்களில் பார்த்திருப்பார்கள். ஆறுகள் ஓடுவதற்கும், கப்பல்கள் செல்வதற்கும், சூரியன் செல்வதற்கும் அந்தச் சொல்லே வருகிறது. நாம் அடிக்கடி சொல்லும் ‘ஸதகத்துல் ஜாரியா’வில் உள்ள ‘ஜாரியா’வும் அதே வேரில் பிறந்ததுதான். கொடுத்தவர் போன பிறகும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும் தர்மம் என்பது அதன் கருத்து.

எப்படிப் படிப்பது?

‘ரன்’ வந்ததும் ‘ஓடு’ என்று எழுதிவிட வேண்டாம். முதலில் இரண்டு கேள்வி கேளுங்கள். ஓடுவது யார் அல்லது எது? ‘ரன்’னுக்குப் பின்னால் என்ன சொல் இருக்கிறது? பின்னால் கடை இருந்தால் நடத்துவது. ‘அவுட் ஆஃப்’ இருந்தால் தீர்வது. புதிய சொல்லைத் தனியாக எழுதாமல் ஒரு முழு வாக்கியத்தோடு நோட்டில் எழுதுங்கள்.

பயிற்சி: தமிழில் சொல்லுங்கள்

அ) ஹி ரன்ஸ் எ ஹோட்டல்.
ஆ) வி ரேன் அவுட் ஆஃப் கேஸ்.
இ) ஐ ரேன் இன்ட்டு மை டீச்சர் இன் ராஜபாளையம்.
ஈ) த பேபி இஸ் ரன்னிங் எ டெம்பரேச்சர்.

விடைகள்: அ) அவர் ஹோட்டல் நடத்துகிறார். ஆ) எங்களுக்குக் கேஸ் தீர்ந்துவிட்டது. இ) ராஜபாளையத்தில் என் ஆசிரியரை எதிர்பாராமல் சந்தித்தேன். ஈ) குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கிறது.

அந்த மாணவர் மூன்றாவது ஞாயிறு வகுப்புக்கு வந்துவிட்டார். எல்லோர் முன்னிலையிலும் எங்கள் தவறைச் சொல்லி வருத்தம் தெரிவித்தோம். மேலே உள்ள பயிற்சி வாக்கியங்களில் இரண்டு அவர் எழுதித் தந்தவை. பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறோம்: வீட்டில் பிள்ளை தப்பாக ஆங்கிலம் பேசினால் சிரிக்காதீர்கள். சிரிப்புக்குப் பயந்து வாயை மூடிக்கொள்ளும் பிள்ளை, நாளை நேர்முகத் தேர்விலும் வாய் திறக்காது.

அடுத்த இதழில் இன்ஷா அல்லாஹ் ‘டேக்’ என்ற சொல்லைப் பார்ப்போம்.