கூரையும் கம்பியும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பழைய பொலேரோ வீட்டுக்கு வந்த சேதியை அக்கா போனில் சொன்னாள். ஹாம் வானொலி உரிமமும் கைக்கு வந்துவிட்டதால், வண்டியில் எந்த ஆன்டெனா வைப்பது என்ற கேள்வியும் உன்னிடமிருந்து வந்து சேர்ந்தது. கூடவே மூன்று விளம்பரப் படங்கள். மூன்றிலும் பெரிய எழுத்தில் டெசிபல் கணக்கு. எதோடு ஒப்பிட்டு அந்தக் கணக்கு என்பது மட்டும் ஒன்றிலும் இல்லை. எல்லாத் திசையிலும் சமமாக அலை வீசும் ஒரு கற்பனைப் புள்ளியோடு ஒப்பிட்டால் ஓர் எண் வரும். அரை அலை டைபோலோடு ஒப்பிட்டால் அதிலிருந்து 2.15 கழிந்துவிடும். விளம்பரம் எழுதுகிறவர் இரண்டில் எதை எடுத்துக்கொள்வார் என்று மாமா சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

கம்பியை அப்புறம் பார்ப்போம். முதலில் முடிவு செய்ய வேண்டியது இடம். செங்குத்தாக நிற்கும் ஒற்றைக் கம்பி பாதி ஆன்டெனாதான். மறுபாதி அதன் அடியில் இருக்கிற உலோகம். மார்க்கோனி தன் கருவியின் ஒரு முனையை உயரத்தில் கட்டி, மறுமுனையைத் தரையில் புதைத்தார். வண்டிக்கு அது நடக்காது, நான்கு டயரும் ரப்பர். அதனால் கூரை, பானட், கதவு, சேஸிஸ் என்று பாடி முழுவதுமே தரையின் வேலையைச் செய்கிறது. பத்தாயிரம் ரூபாய்க் கம்பியை பம்பர் ஓரத்தில் மாட்டியவரைவிட, ஐம்பது சென்டிமீட்டர் எஃகுக் கம்பியைக் கூரையின் நடுவில் நிறுத்தியவருக்கு நன்றாகக் கேட்கிறது என்றால் காரணம் இதுதான்.

உனக்கு முதலில் தேவைப்படுவது 2 மீட்டர் பட்டை. இந்தியாவில் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை. 300-ஐ 145-ஆல் வகுத்தால் அலைநீளம் 2.07 மீட்டர். அதில் கால்வாசி 51 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். நடைமுறையில் 49, 50-க்கு வெட்டினால் சரியாக உட்காரும். இதுதான் கால் அலைக் கம்பி. சுருள் கிடையாது, பொருத்தும் சுற்று கிடையாது, கெட்டுப்போக ஒன்றும் கிடையாது. கிளை தட்டி வளைந்தால் கையால் நிமிர்த்திவிடலாம்.

இன்னொரு நல்ல குணமும் இதற்கு உண்டு. 145-ஐ மூன்றால் பெருக்கினால் 435. அதாவது 2 மீட்டருக்குக் கால் அலையாக நிற்கிற அதே கம்பி, 70 சென்டிமீட்டர் பட்டையில் முக்கால் அலையாக நிற்கும். ரேடியோ செட் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்ளும். ஆனால் அந்தப் பட்டையில் அலை கொஞ்சம் மேல்நோக்கிப் போய்விடும். இரண்டு பட்டையிலும் ஓயாமல் பேசுகிறவர் தனிக் கம்பி வாங்குவதே நல்லது.

எட்டில் ஐந்து பங்கு அலைக் கம்பி என்று ஒன்று உண்டு. ஏறத்தாழ 1.2 மீட்டர் நீளம், அடியில் ஒரு சுருள். முடிவில்லாமல் பரந்த உலோகத் தரை இருந்தால் கால் அலையைவிட 3 டெசிபல் அதிகம் தரும் என்பது புத்தகக் கணக்கு. 3 டெசிபல் என்றால் வாட்டை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். உன் வண்டிக் கூரை முடிவில்லாமல் பரந்ததல்ல, ஆகவே கிடைப்பது அதைவிடக் குறைவுதான். இருந்தாலும் தஞ்சாவூர்ப் பக்கம் சமவெளியில் ஓடுகிறவருக்கு இது பயன்படும், ஏனென்றால் அது அலையைத் தொடுவானத்தை ஒட்டித் தாழ்வாக அனுப்புகிறது. கோத்தகிரிப் பாதையில் ஏறிக்கொண்டு, தலைக்கு மேலே மலையுச்சியில் குரலை வாங்கி மறுபடி அனுப்புகிற ரிப்பீட்டரைப் பிடிக்க வேண்டியவருக்குக் கால் அலையே போதும். அதன் அலை மேல்நோக்கியும் பரவலாகப் போகும். அதோடு நீளக் கம்பி எண்பது கிலோமீட்டர் வேகத்தில் பின்பக்கம் சாயும். எதிர்முனையில் கம்பி செங்குத்தாக நிற்க, இங்கே சாய்ந்தாடினால், கேட்பவர் காதில் குரல் ஏறி இறங்கும்.

இப்போது துளைக்கு வருவோம். புது வண்டி வாங்கியவர் எவரும் கூரையில் துளை என்றதும் முகம் வெளிறிப் போவார். ஆனால் காவல்துறை வாகனங்களுக்கும் தீயணைப்பு வாகனங்களுக்கும் பல நாடுகளில் இதுதான் வழக்கம். என்.எம்.ஓ. அடித்தளம் என்று பெயர் சொன்னால் கடையில் தெரியும். அதற்குத் தேவை 19 மில்லிமீட்டர் துளை ஒன்று. உள்ளே கட்டியான ரப்பர் வளையம் இருப்பதால் மழை இறங்காது. கம்பியைக் கழற்றிவிட்டு மூடி போட்டால் பித்தளைக் குமிழ் மாதிரி தெரியும், அவ்வளவுதான். உள்கூரை விளக்கைக் கழற்றினால் கை நுழைய வழி கிடைக்கும். நல்ல டிங்கரிங் பட்டறையில் வட்ட ரம்பம் வைத்து அரை மணியில் முடித்துவிடுவார்கள். ரம்பம் உள்துணியைக் கிழிக்காமல் இருக்க அடியில் மரத்துண்டு கொடுக்கச் சொல். வெட்டிய ஓரத்தில் துரு தடுக்கும் பிரைமர் பூசாமல் விடாதே. அடித்தளத்தின் உலோக வளையப் பல் பிடிக்கிற உள்பக்கத்தில் மட்டும் பெயிண்டைச் சுரண்டி உலோகம் தெரிய வைக்க வேண்டும். அந்தப் பிடிப்பு இல்லாவிட்டால் மறுபாதி ஆன்டெனா இல்லை. கேபிளைக் கதவுத் தூண் வழியே இறக்கும்போது ஒரு கவனம்: புதிய கார்களில் அந்தத் தூணுக்குள்ளும் கூரை ஓரத்திலும் ஏர்பேக் மடித்து வைத்திருப்பார்கள். அதன் குறுக்கே எந்தக் கேபிளும் போகக் கூடாது.

துளை வேண்டாம் என்றால் காந்த அடித்தளமும் கெட்டதல்ல. 145-ல் அது பெயிண்டுக்கு மேலே உட்கார்ந்தே கூரையோடு மின்தேக்கி போல இணைந்துகொள்ளும், சுரண்ட வேண்டிய வேலை இல்லை. வாடகை வண்டிக்கும் அலுவலக வண்டிக்கும் அதுதான் வழி. ஆனால் அடியில் தூசு புகுந்தால் பெயிண்ட் வட்டமாகத் தேயும். கதவு ரப்பருக்குள் தினமும் நசுங்கும் கேபிள் ஒரு நாள் உள்ளே உடையும், வெளியே பார்த்தால் நன்றாகவே இருக்கும். ராமேஸ்வரம் மாதிரி உப்புக்காற்று ஊரென்றால் வாரம் ஒருமுறை எடுத்துத் துடைக்க வேண்டும். அலுமினியக் கூரையில் காந்தம் ஒட்டவே ஒட்டாது. பெரிய கண்ணாடித் திறப்பு வைத்த கார்களில் கூரையின் நடுவில் உலோகமே இல்லை. பழைய அம்பாசடர்களில் கூரை ஓரம் மழைநீர் வடிகால் மடிப்பு இருந்தது. ஒரு கிளாம்பு போட்டால் வேலை முடிந்தது. இப்போதைய கார்களில் அந்த மடிப்பே போய்விட்டது. டிக்கி விளிம்பில் மாட்டும் பிடிப்பை வாங்குகிறவர்கள் திருகுமுனை பெயிண்டைக் கீறி உலோகத்தைத் தொட்டதா என்று மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். கேரியர் கம்பியில் மாட்டுவது எளிது, ஆனால் பல கேரியர்கள் ரப்பர் பாதத்தில் நிற்பவை. பாடியோடு தொடர்பே இருக்காது.

கண்ணாடியில் ஒட்டும் ஆன்டெனா பற்றி மாமா எழுதப் போவதில்லை.

அடுத்தது எச்.எஃப்., அதாவது நெடுந்தூரம் போகும் சிற்றலைப் பட்டைகள். நீ இப்போதே கேட்கவில்லை, ஆனால் கேட்பாய். 2 மீட்டரில் நேராகப் பேசினால் சில பத்து கிலோமீட்டர். ரிப்பீட்டர் இருந்தால் கூடுதல், மின்சாரம் போய் ரிப்பீட்டரும் படுத்தால் அதுவும் இல்லை. 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது பாரதி பிரசாத் என்ற ஹாம் போர்ட் பிளேரில் இருந்தார். அந்தமானிலிருந்து உலக ஹாம்களோடு பேசுவதற்காக வந்தவர். வந்த வேலையை விட்டுவிட்டு அவர் குழு தீவுகளின் செய்திகளைக் கரைக்கு அனுப்பத் தொடங்கியது. கடல் தாண்டிய அந்தத் தொடர்புக்கு வானத்தில் பட்டுத் திரும்பும் அலைதான் கைகொடுத்தது. வண்டியில் எச்.எஃப். வைக்கிறவர் மனதில் இருப்பதும் அதுதான்.

ஆனால் வண்டியில் எச்.எஃப். வைப்பது கஷ்டம். 7 மெகாஹெர்ட்ஸில் கால் அலை பத்து மீட்டருக்கு மேல். வண்டியில் நிறுத்த முடிவது இரண்டு, இரண்டரை மீட்டர். குறையும் நீளத்துக்குச் சுருள் வைத்து ஈடு கட்டுகிறோம். அப்படிக் குட்டையான கம்பியின் கதிர்வீச்சுத் தடை ஓர் ஓம், இரண்டு ஓம் அளவில்தான் இருக்கும். சுருளில் வீணாவது ஐந்து ஓம் என்று வை. பாடியிலும் அதன் கீழே மண்ணிலும் வீணாவது பத்து. மொத்தம் பதினேழில் பயனுள்ளது இரண்டு. 100 வாட் கொடுத்தால் காற்றில் ஏறுவது 12 வாட்டுக்கும் குறைவு, மீதி சூடு.

இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். செட்டுக்கும் ஆன்டெனாவுக்கும் உள்ள பொருத்தத்தை அளக்கும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் 1 என்று காட்டினால் ஆன்டெனா அருமை என்று நினைக்கிறார்கள். செட் எதிர்பார்ப்பது 50 ஓம். மேலே சொன்ன கம்பி எந்தப் பொருத்துச் சுருளும் இல்லாமல் சரியாக 50 ஓம் காட்டினால், வீணாகும் தடை 48 ஓம் என்றுதானே அர்த்தம்? அப்போது 100 வாட்டில் காற்றுக்குப் போவது வெறும் 4. சோதனைக்கு வைக்கும் டம்மி லோடும் எல்லா அலைவரிசையிலும் 1 என்றுதான் காட்டும், அது ஒரு தெரு தாண்டிக் கேட்காது. மீட்டர் சொல்வது செட்டுக்கு ஆபத்து இல்லை என்பதை மட்டும். 1.5 காட்டினால் திரும்பி வருவது நூற்றுக்கு 4, 2 காட்டினால் 11. இதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை. தடிமனான கம்பியில் அகலமாகச் சுற்றிய சுருள், அதைக் கம்பியின் அடியில் இல்லாமல் நடுவில் வைப்பது, பிடிப்புக்குக் கீழே நிறைய உலோகம் இருப்பது: இந்த மூன்றும் அந்த இரண்டு ஓமைக் கொஞ்சம் ஏற்றி, பதினைந்தைக் கொஞ்சம் இறக்கும்.

அலைவரிசை மாற்ற ஒவ்வொரு முறையும் இறங்கிச் சுருளை மாற்ற அலுப்பாக இருந்ததால், கலிபோர்னியாவைச் சேர்ந்த டான் ஜான்சன் என்ற ஹாம் பேட்டரியில் ஓடும் ஸ்க்ரூடிரைவரின் மோட்டாரைக் கம்பிக்குள் வைத்துச் சுருளை ஏற்றி இறக்கும் அமைப்பைப் பரப்பினார். அந்த வகைக்கு இன்றும் ஸ்க்ரூடிரைவர் ஆன்டெனா என்றே பெயர். விலை அதிகம், எடையும் அதிகம். காந்தத்தில் நிற்காது, போல்ட் போட்ட பிடிப்பு வேண்டும். பணத்தை மிச்சம் பிடிக்க ஆசைப்படுகிறவர் 28 மெகாஹெர்ட்ஸில் தொடங்கலாம். அங்கே கால் அலை இரண்டரை மீட்டர்தான், சுருளே வேண்டாம். பட்டை திறந்திருக்கும் பகல்களில் சில வாட்டில் கண்டம் தாண்டிப் பேசலாம்.

பொலேரோவுக்கென்று ஒரு விஷயம். அதன் பாடி தனி, அடியில் ஏணிபோன்ற சேஸிஸ் தனி. இரண்டுக்கும் நடுவில் ரப்பர். எச்.எஃப்-க்கு இது நல்லதல்ல. தட்டையான செம்புப் பின்னல் பட்டையால் பாடியையும் சேஸிஸையும் பல இடங்களில் இணைக்க வேண்டும். பானட், கதவு, பின்கதவு ஆகியவற்றின் கீல்களிலும் அப்படியே. சைலன்சர் ரப்பர் வளையத்தில் தொங்குவதால் அது எஞ்சினின் மின் இரைச்சலை அப்படியே வீசும் நீளக் குழாய். அதற்கும் ஒரு பட்டை. டீசல் எஞ்சினில் தீப்பொறி பிளக் இல்லை என்பது உன் அதிர்ஷ்டம், அந்த 'டக டக' சத்தம் வராது. ஆல்டர்னேட்டரின் ஊளை மட்டும் எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும். மலிவான மொபைல் சார்ஜர் மாட்டியிருந்தால் முதலில் அதைப் பிடுங்கிப் பார்.

மின்சாரம் பேட்டரியிலிருந்து நேராக வரட்டும். 100 வாட் எச்.எஃப். செட் பேசும்போது இருபது ஆம்பியருக்கு மேல் இழுக்கும், சிகரெட் லைட்டர் சாக்கெட்டுக்கு அது தாங்காது. ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், செட்டுக்குப் பக்கத்தில் அல்ல. நடுவில் ஒயர் உரசிப் பாடியைத் தொட்டால் காப்பாற்றுவது பேட்டரி முனையில் இருக்கிற ஃபியூஸ் மட்டுமே. கோஆக்ஸ் கேபிளில் ஆர்.ஜி. 58 போதும். ஐந்து மீட்டருக்கு 145-ல் ஒரு டெசிபல் அளவு போகும். காந்த அடித்தளங்களோடு வரும் மெல்லிய கேபிளில் இழப்பு இதைவிட அதிகம், எட்டில் ஐந்து பங்கு அலைக் கம்பி வாங்கிச் சம்பாதித்ததை அது தின்றுவிடும்.

உரிமத்தில் வண்டியில் இயக்க இடம் இருக்கிறதா என்று முதலில் வாசித்துப் பார். ஓட்டிக்கொண்டே மைக்கைக் கையில் பிடிப்பதை விட்டுவிடு. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் கையில் பிடிக்கும் தகவல்தொடர்புக் கருவிகளைச் சொல்லியே குற்றமாக்கியிருக்கிறது, நிறுத்திவிட்டுப் பேசினால் வழக்கும் இல்லை. உன் வண்டியே ஆறடி உயரம். அதன் மேல் நீளக் கம்பி நின்றால் பெட்ரோல் பங்க் கூரையும், வாகன நிறுத்தத்தின் தாழ்ந்த உத்தரமும் தட்டும். மின்மயமான ரயில் பாதையில் 25,000 வோல்ட் ஓடுகிறது. லெவல் கிராசிங்கில் எச்.எஃப். கம்பியை மடக்கிக் கட்டாமல் தாண்டாதே.

இப்போதைக்குக் கூரை நடுவில் ஒரு கால் அலைக் கம்பி, ஆர்.ஜி. 58, பேட்டரியிலிருந்து நேர் ஒயர், இவ்வளவுதான் உன் பட்டியல். உள்கூரை விளக்கைக் கழற்றியதும் குறுக்குச் சட்டம் எங்கே ஓடுகிறது என்று படம் எடுத்து அனுப்பு, துளையின் இடத்தை அதைப் பார்த்துச் சொல்கிறேன். கம்பியை 52 சென்டிமீட்டருக்கே வாங்கு. கதவு, பானட் எல்லாம் மூடி, வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, 144, 145, 146 மூன்றிலும் அளந்து, மூன்று மில்லிமீட்டராக வெட்டிக்கொண்டு வா.

அன்புடன்,
மாமா

பி.கு.: கூரையில் துளை போடும் சேதியை அக்காவிடம் நீயே சொல்லிவிடு. யோசனை யாருடையது என்று கேட்டால் பட்டறைக்காரர் பெயரைச் சொல்.