கழுத்துப் பட்டையும் கட்டுதல் என்னும் அதிசாரமும்

இல்லறத்தார்க்குரிய கொல்லாமை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள் கூறப்பட்டுள்ளன. கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவு மீறிச் சுமையேற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. கட்டுதலே குற்றமாயின், நாயின் கழுத்தில் பட்டை அணிவிக்குமாறு ஓர் அரசு சட்டம் செய்வதை நாம் எவ்வாறு கொள்வது? பிரிட்டனில் அத்தகைய சட்டம் உள்ளது. அதனை ஆராய்ந்து பார்ப்போம்.

1992ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் அங்கு நடைமுறைக்கு வந்த நாய்கள் கட்டுப்பாட்டு ஆணையின்படி, பொதுச் சாலையிலோ மக்கள் கூடும் இடத்திலோ காணப்படும் நாய் கழுத்துப் பட்டை அணிந்திருத்தல் வேண்டும். பட்டையிலோ, அதில் இணைத்த தகட்டிலோ, உரிமையாளரின் பெயரும் முகவரியும் பொறிக்கப்பட்டிருத்தல் வேண்டும். நாயின் பெயரைச் சட்டம் கேட்கவில்லை. செல்லப் பெயரை மட்டும் பொறித்து மனநிறைவு கொள்வோர் இதனை எண்ணிப் பார்ப்பாராக! தவறினால் உரிமையாளரும், அவ்வேளையில் நாயைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவரும் குற்றத்திற்கு ஆளாவர். ஆடுமாடுகளை ஓட்டும் நாய்கள், காவல்துறை நாய்கள், மீட்புப் பணி நாய்கள் போன்றவற்றிற்குப் பணியின்போது விலக்கு உண்டு. வேட்டை நாய்களுக்கும் விலக்கு அளித்திருப்பது நமக்கு உவப்பானதன்று.

பட்டையின் உண்மைப் பயன் மற்றொரு சட்டத்தில் விளங்குகிறது. அந்நாட்டின் 1990ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தெருவில் திரியும் நாயை உள்ளாட்சி அலுவலர் பிடித்து வைக்கலாம். பட்டையில் முகவரி இருப்பின், அம்முகவரியினருக்கு அவர் எழுத்து மூலம் அறிவிப்புத் தருதல் வேண்டும். அறிவிப்புத் தந்தபின் ஏழு முழு நாள்கள் காத்திருக்க வேண்டும். முகவரி இல்லையேல், பிடித்த நாளிலிருந்தே அந்த ஏழு நாள்கள் எண்ணப்படும். அதற்குள் எவரும் வாராவிடின், நாயை நன்கு பேணக்கூடியவருக்குத் தரலாம், காப்பகத்திற்கு அனுப்பலாம், கொன்றும் விடலாம். உயிருடன் அறுத்துச் செய்யும் ஆய்வுகளுக்கு மட்டும் தரலாகாது என அச்சட்டமே தடுத்துள்ளது. ஆகவே தகட்டில் உள்ள இரண்டு வரி எழுத்து ஓர் உயிரின் வாழ்நாளையே முடிவு செய்யக்கூடும்.

2016 ஏப்ரல் 6 முதல் இங்கிலாந்தில் எட்டு வாரம் கடந்த நாய்களுக்குத் தோலின் கீழ் மைக்ரோசிப் பொருத்துவதும் கட்டாயமாயிற்று. ஆயினும் பட்டை ஆணை நீங்கவில்லை. சிப்பைப் படிக்கக் கருவி வேண்டும். தகட்டை வழிப்போக்கரும் படிப்பர்.

இனி நம் வினாவிற்கு வருவோம். கட்டுதல் என்னும் அதிசாரத்தை விளக்கும் உரையாசிரியர்கள், இரக்கமின்றி இறுகக் கட்டுவதையும், தேவை கருதித் தளர்வாகக் கட்டுவதையும் ஒன்றாகக் கொள்ளவில்லை. தீப்பற்றினால் விலங்கு தன்னை விடுவித்துக்கொள்ளும் வகையில் முடிச்சு நெகிழ்வாக இருக்க வேண்டும் என்பர். எத்துணை நுட்பமான கருணை! காத்தற்பொருட்டு அணிவிக்கும் பட்டை இவ்வளவையில் குற்றமாகாது என்பதே நம் கருத்து.

ஆனால் எல்லாப் பட்டையும் அத்தகையதன்று. குட்டிக்கு இட்ட பட்டையை வளர்ந்த பின்னும் மாற்றாது விட்டால், அது தோலை அறுத்துச் சதைக்குள் புதைந்துவிடும். அப்போது கட்டுதலோடு சிதைத்தலும் சேர்ந்துவிடுகிறது. பட்டைக்கும் கழுத்துக்கும் இடையே இரண்டு விரல்கள் எளிதில் நுழைதல் வேண்டும். வளரும் குட்டிக்கு இதனை அடிக்கடி பார்த்தல் நன்று. எழுத்துத் தேய்ந்துள்ளதா என்பதையும் அவ்வேளையிலேயே பார்த்துவிடலாம். வீடு மாறியவர் தகட்டை மாற்ற மறந்தால், அறிவிப்புப் பழைய வாசலுக்கே செல்லும். ஏழு நாள்களும் அங்கேயே கழிந்துவிடும்.