பக்கத்து இடம் யாருக்கு?



'காய்' என்றும் 'பழம்' என்றும் சொல்லி நட்பை முறிப்பதும் சேர்ப்பதும் நீங்கள் சிறு வகுப்பிலேயே கற்ற பாடம். மாலையில் காய் விட்டவள் மறுநாள் முதல் மணி அடிக்குமுன் பழம் விட்டுவிடுவாள். ஒரு புளிப்பு மிட்டாய் போதும். ஆனால் எட்டாம், ஒன்பதாம் வகுப்புக்கு வந்ததும் யாரும் வாய்திறந்து காய் விடுவதில்லை. பேச்சை நிறுத்திவிடுகிறார்கள், அவ்வளவுதான். காரணம் சொல்லப்படுவதில்லை, ஆகவே சமாதானத்துக்கும் வழி இருப்பதில்லை.

இதை நான் பிறரைக் குறைகூறுவதற்காக எழுதவில்லை. நான் எட்டாம் வகுப்பில் படித்தபோது, அரையாண்டுத் தேர்வுக்குப் பின் ஒரு புதிய மாணவி வந்து சேர்ந்தாள். எங்கள் கோஷ்டியில் ஐந்து பேர். மதியம் வேப்பமரத்தடியில் வட்டமாக உட்காருவோம். முதல் நாள் அவள் டிபன் பாக்ஸுடன் வந்து எங்கள் அருகே நின்றாள். எங்களில் ஒருத்தி, "இங்கே இடமில்லை" என்றாள். அந்த மரத்தடியில் இருபது பேர் தாராளமாக உட்காரலாம். நான் வாய் திறக்கவில்லை; என் தயிர்சாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண்டு முடியும்வரை அவள் வராந்தாப் படியில் தனியே சாப்பிட்டாள். ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது அவள் வரவில்லை. ஏன் என்று நாங்கள் கேட்கவும் இல்லை. 'இடமில்லை' என்றவள் ஒருத்திதான். ஆனால் பேசாதிருந்த நாங்கள் நால்வரும் சேர்ந்துதான் அந்தச் சொல்லை ஒரு சட்டமாக்கினோம் என்று வெகுநாள் கழித்தே எனக்குப் புரிந்தது.

இந்த 'இடமில்லை' என்ற சொல்லை நினைக்கும்போதெல்லாம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வரலாறு என் மனத்தில் எழும். 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அவர் அங்கே மன்னர் கல்லூரியில் சேர விரும்பியபோது எதிர்ப்புக் கிளம்பிற்று. அவர் பெண் என்பது ஒரு குறை. அவருடைய தாயார் தேவதாசி மரபில் வந்தவர் என்பது மற்றொரு குறை. இவள் படித்தால் எங்கள் பிள்ளைகளை அனுப்பமாட்டோம் என்றனர் சில பெற்றோர். மன்னர் அனுமதி அளித்ததால் இடம் கிடைத்தது. ஆனால் எப்படிப்பட்ட இடம்? மாணவர்கள் கண்ணில் படாமல், திரைக்குப் பின்னால்! பக்கத்தில் தோழி என்று ஒருவரும் இல்லை. பின்னர் 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் பட்டம் பெற்றார். சென்னை மாகாணச் சட்டசபையின் துணைத்தலைவராகவும் விளங்கினார்.

1930-ஆம் ஆண்டையொட்டி, தேவதாசி மரபில் பிறந்த சில இளம்பெண்கள் அடைக்கலம் தேடி அவர் வீட்டுக்கு வந்தனர். படிக்க வைக்கலாம் என்று அவர்களுக்காக விடுதிகளை அணுகினார் டாக்டர். அவை சேர்த்துக்கொள்ள மறுத்துவிட்டன. அப்பெண்கள் செய்த குற்றம் எதுவும் இல்லை. இன்ன வீட்டில் பிறந்தார்கள், அவ்வளவே. டாக்டர் தம் வீட்டிலேயே அவர்களுக்கு இடம் கொடுத்தார். அதுவே அவ்வை இல்லத்தின் தொடக்கம். அடையாற்றில் இன்றும் அது இருக்கிறது. தேவதாசிகளாகப் பெண்களைப் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947-இல் வந்தது. சட்டத்தைவிட, திரைக்குப் பின்னால் அமர்ந்திருந்த அந்தப் பெண் பிற்காலத்தில் தம் வீட்டுக் கதவைத் திறந்ததே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அதே 1886-இல் நம் மயிலாப்பூரில் பிறந்தவர் சகோதரி சுப்புலட்சுமி. சிறுவயதிலேயே விதவையானவர். எழும்பூரில் கன்னியர் நடத்திய பள்ளியில் பயின்று, 1911-இல் பட்டம் பெற்றார். பிறகு நான்கு இளம் விதவைகளைக் கொண்டு ஓர் இல்லம் தொடங்கினார். நால்வர் என்பதைக் கவனியுங்கள். தன் வீட்டில் தனியே இருந்தவரை 'எதிரே வரக்கூடாதவள்' எனப்பட்ட சிறுமி, தன்னைப்போன்ற மூவருடன் அமர்ந்ததும் ஒரு மாணவி ஆனாள்.

இன்று நம் வகுப்புகளில் திரை இல்லை. அபிராமபுரத்திலிருந்து காரில் வருபவளும், மந்தைவெளியிலிருந்து பஸ்ஸில் வருபவளும், நொச்சிக்குப்பத்திலிருந்து நடந்து வருபவளும் ஒரே சீருடையில் ஒரே பெஞ்சில் அமர்கிறார்கள். ஆனால் இடைவேளை மணி அடித்ததும் கவனித்துப் பாருங்கள். தமிழ் வழிப் பிரிவு ஒரு பக்கம், ஆங்கில வழிப் பிரிவு மறு பக்கம். வீட்டுக்குப் போன பின்னும் ஓய்வில்லை; கைபேசியில் வகுப்புக்கென ஒரு வாட்ஸ்அப் குழு, அதற்குள்ளேயே இன்னொரு குழு. அதில் தன் பெயர் இல்லை என்பதை ஒருத்தி மறுநாள் பிறர் சிரிப்பிலிருந்து தெரிந்துகொள்கிறாள். பட்டப்பெயர்களைப் பற்றித் தனியே ஒரு கட்டுரையே எழுத வேண்டும், இங்கே விட்டுவிடுகிறேன்.

எல்லோரும் எல்லோருக்கும் உயிர்த்தோழியாக வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அது நடக்காது. பதின்மூன்று வயதில் மனத்துக்குப் பிடித்த இரண்டு மூன்று பேரோடு ஒட்டிக்கொள்வது இயல்பே. அந்த வட்டத்தில் நான்காவதாக ஒருத்தி வந்து நிற்கும்போது யார் முதலில் நகர்ந்து உட்காருவது என்பதுதான் கேள்வி. தலைவி நகரட்டும் என்று மற்றவர்கள் காத்திருப்பார்கள். தலைவியோ இவர்கள் முகத்தைப் பார்ப்பாள்.

சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பில் நான் கண்டதைச் சொல்கிறேன். புதிதாக வந்த மாணவியின் டப்பாவில் மீன்குழம்பு. திறந்ததும் சுற்றியிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் மூடியை மீண்டும் அழுத்தி மூடிவிட்டு எழப்போனாள். அப்போது முட்டைகூடச் சாப்பிடாத வீட்டுப் பெண் ஒருத்தி, "எனக்கு அந்த வாசனை பழக்கமில்லை. அதுக்காக நீ ஏன் எழுந்து போறே? இங்கேயே உட்கார்" என்றாள். இருவருக்கும் நடுவே ஒரு தண்ணீர்ப் பாட்டிலை வைத்துக்கொண்டு சாப்பிட்டு முடித்தார்கள்.