விமான டிக்கெட்டும் விளங்காத கட்டணங்களும்

டிப்ளமோ முடித்ததும் நம்மில் பலர் இன்டர்வியூவுக்கோ வேலைக்கோ விமானம் ஏறத்தான் போகிறோம். லேத்தில் ரீடிங் பார்க்கத் தெரிந்த நமக்கு டிக்கெட்டைப் படிக்கத் தெரிய வேண்டாமா? வாருங்கள், கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

டிக்கெட் பணம் மூன்று பைகளுக்குப் போகிறது.

1. விமான கம்பெனிக்கு: அடிப்படைக் கட்டணம், எரிபொருள் கூடுதல் கட்டணம்.
2. அரசுக்கும் விமான நிலையத்துக்கும்: ஜி.எஸ்.டி., பாதுகாப்புக் கட்டணம், பயனாளர் மேம்பாட்டுக் கட்டணம்.
3. புக் செய்து தருபவருக்கு: கன்வீனியன்ஸ் ஃபீ.

எரிபொருள் கட்டணம் பெரும்பாலும் வரிகளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். 'ஒய்.க்யூ.', 'ஒய்.ஆர்.' என்ற குறியீட்டில் வரும். பார்ப்பவர்கள் வரி என்றே நினைத்துவிடுவார்கள். வரியே அல்ல! கம்பெனி தானாகப் போடுவது, தானே எடுத்துக்கொள்வது.

நம்ம ஹாஸ்டல் மெஸ்ஸை நினைத்துப் பாருங்கள். கேஸ் விலை ஏறிடுச்சு என்று மெஸ் பில்லில் தனியாக 50 ரூபாய் போட்டால் அது வரியாகிவிடுமா? சாப்பாட்டு விலை கூடிவிட்டது, அவ்வளவுதான்.

இண்டிகோ 2023 அக்டோபரில் தூரத்தைப் பொறுத்து 300 முதல் 1000 ரூபாய் வரை எரிபொருள் கட்டணம் போட்டது. எண்ணெய் விலை இறங்கியதும் 2024 ஜனவரியில் எடுத்துவிட்டது. எல்லோரும் இப்படி நியாயமாக நடப்பதில்லை. பிரிட்டிஷ் ஏர்வேஸும் வர்ஜின் அட்லாண்டிக்கும் 2004 முதல் 2006 வரை இந்தக் கட்டணத்தைப் பற்றித் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டன. அந்தக் காலத்தில் போய்வரும் டிக்கெட்டுக்கு 5 பவுண்டாக இருந்தது 60 பவுண்டாக ஏறியது. வர்ஜின் தானே போய் உண்மையைச் சொல்லித் தப்பித்தது. பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு 2007இல் அமெரிக்காவில் மட்டும் 30 கோடி டாலர் அபராதம்!

சரி, இதெல்லாம் நமக்கு எதற்கு? டிக்கெட்டை ரத்து செய்யும்போதுதான் இதன் அருமை தெரியும். உதாரணத்துக்கு ஒரு கணக்கு:

அடிப்படைக் கட்டணம் 2000
எரிபொருள் கட்டணம் 400
பாதுகாப்புக் கட்டணம் 200
பயனாளர் மேம்பாட்டுக் கட்டணம் 380
ஜி.எஸ்.டி. (2400க்கு 5%) 120
மொத்தம் 3100 ரூபாய்

சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2016இல் கொண்டுவந்த விதிப்படி, ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கட்டணத்தையும் கூட்டிய தொகையைத் தாண்டக் கூடாது. அதாவது இங்கே 2400தான் உச்சவரம்பு. பாதுகாப்பு, விமான நிலையக் கட்டணங்களான 580 ரூபாய் நம்ம பணம். சலுகை டிக்கெட்டாக இருந்தாலும் சரி, விமானத்தைத் தவறவிட்டாலும் சரி, கேட்டு வாங்கலாம். "இது நான்-ரீஃபண்டபிள், ஒண்ணும் வராது தம்பி" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். எழுத்தில் கேளுங்கள்.

ஆகவே நண்பர்களே, புக் செய்யும்போது கட்டண விவரத்தை ஒரு பிரிண்ட் எடுத்து வையுங்கள். விலையை ஒப்பிடும்போது முதலில் கண்ணில் படும் தொகையை நம்பாமல், கடைசியில் கட்டும் மொத்தத்தைப் பாருங்கள். முதல் மாதச் சம்பளம் வருவதற்கு முன் நம் கையில் இருப்பது அப்பா அம்மா அனுப்பிய பணம். அதில் 580 ரூபாய் என்பது சின்னத் தொகை அல்ல!