பழைய நாளிதழ்களில் ஒரு ஜெர்மானியப் பாட்டன்

ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறிய பாட்டன் எந்த ஊர்க்காரர் என்று தேடுபவர்களில் பலர் பாதியிலேயே கைவிடுகிறார்கள். காரணம், தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் சில தவறான நம்பிக்கைகள்.

நம்பிக்கை: எல்லிஸ் தீவு அதிகாரிகள் குடும்பப் பெயரையே மாற்றிவிட்டார்கள்.

உண்மை: குடியேறிகளைச் சோதித்து அனுமதித்த எல்லிஸ் தீவு நிலையம் திறந்ததே 1892-இல்தான். ஜெர்மானியர் பெருந்திரளாக வந்தது அதற்கு முன்பு. 1882-இல் மட்டும் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர். எல்லிஸ் தீவிலும் அதிகாரிகள் புதுப் பெயர் எதையும் சூட்டவில்லை. புறப்பட்ட துறைமுகத்தில் கப்பல் நிறுவனம் எழுதிய பட்டியலைத்தான் சரிபார்த்தார்கள். ஷ்மிட் என்பவர் ஸ்மித் ஆனது பெரும்பாலும் குடியேறிய பிறகு, அவரே விரும்பி மாற்றிக்கொண்டதுதான். இரண்டு பெயரிலும் தேடுங்கள்.

நம்பிக்கை: பாட்டனைப் பற்றிய செய்தி உள்ளூர் ஆங்கில நாளிதழில் இல்லையென்றால் எங்கும் இல்லை.

உண்மை: தேடுபவர்களை அதிகம் ஏமாற்றுவது இதுதான். அமெரிக்காவில் ஜெர்மன் மொழி இதழ்கள் செழித்திருந்தன. அமெரிக்க விடுதலைப் பிரகடனம் நிறைவேறிய செய்தியை 1776 ஜூலை 5 அன்று முதலில் வெளியிட்டதே பிலடெல்பியாவின் ஜெர்மன் இதழ் ஒன்றுதான். நியூயார்க்கில் 1834-இல் ‘ஸ்டாட்ஸ் ட்சைட்டுங்’ தொடங்கியது. பால்டிமோரில் ‘டெர் டாய்ச்செ கரெஸ்பாண்டென்ட்’ 1841 முதல் 1918 வரை வந்தது.

ஆங்கில இதழின் இரங்கல் குறிப்பு பல சமயம் ‘ஜெர்மனியில் பிறந்தவர்’ என்பதோடு நின்றுவிடும். ஜெர்மன் இதழோ பிறந்த கிராமம், அது வூர்ட்டம்பெர்க்கா பாடனா, மனைவியின் பிறந்த வீட்டுப் பெயர் என்பதுவரை சொல்வதுண்டு. ஊர்ப்பெயர்தான் முக்கியம். ஜெர்மனியின் தேவாலயப் பதிவேடுகள் ஊர்வாரியானவை. ஊர் தெரியாமல் அடுத்த அடி வைக்க முடியாது. ப்ரெமன் துறைமுகத்தின் பழைய பயணிகள் பட்டியல்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டதால், அவ்வழி போனவரின் ஊரை இந்த இரங்கல் குறிப்பு மட்டுமே சொல்லக்கூடும்.

நம்பிக்கை: கப்பல் வந்த மறுநாள் நாளிதழில் பாட்டன் பெயர் இருக்கும்.

உண்மை: கேபின் பயணிகளின் பெயரைத்தான் போடுவார்கள். அடித்தளத்தில் வந்த ஏழைகளுக்கு எண்ணிக்கை மட்டும்தான். கப்பல் வந்த நாளை உறுதிசெய்ய அச்செய்தி போதும்.

நம்பிக்கை: இணையத் தேடலில் பெயர் வரவில்லை, அதனால் செய்தி இல்லை.

உண்மை: இந்த இதழ்கள் ‘ஃபிராக்டூர்’ என்ற பழைய எழுத்துருவில் அச்சானவை. அதில் சொல்லின் இடையில் வரும் ‘எஸ்’ நெட்டையாக, ‘எஃப்’ போலவே நிற்கும்; குறுக்குக்கோடு வலப்பக்கம் நீண்டிருக்காது, அவ்வளவுதான். கணினி ‘ஷூஸ்டர்’ என்பதை ‘ஷூஃப்டர்’ என்று படித்துவிடும். பெரிய ‘பி’யும் ‘வி’யும் அப்படித்தான் குழம்பும். பிழையான வடிவங்களையும் இட்டுத் தேடுங்கள். பாட்டன் பெயரை விட்டு, அவருடைய தெருவின் பெயரையோ தேவாலயத்தின் பெயரையோ இட்டுப் பாருங்கள்.

அமெரிக்க காங்கிரஸ் நூலகம் பால்டிமோர் இதழ் உட்படப் பலவற்றை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. ஜெர்மனியின் நாளிதழ்களுக்கு 2021 முதல் அந்நாட்டு மின்னூலகத்தின் தளம் உண்டு. அப்படியும் கிடைக்காவிட்டால் கோப்பை மூடிவிடாதீர்கள். இறந்த தேதியை வைத்துக்கொண்டு, அடுத்த இரண்டு வாரங்களில் வந்த இதழ்களைப் பக்கம் பக்கமாகக் கண்ணாலேயே பாருங்கள்.