வேலை நின்றவரின் கணக்கு

அன்புள்ள தம்பிக்கு,

சுங்கை வே தொழிற்பேட்டையில் உனக்கு எச்.ஆர் வேலை கிடைத்ததாக உன் அம்மா சொன்னாள். ரொம்ப சந்தோஷம். ஆள் எடுப்பது எப்படி என்று ஆபீசில் ஆளாளுக்குப் பாடம் எடுப்பார்கள். ஆள் போகும்போது செய்யவேண்டியதைத்தான் யாரும் சொல்லித்தர மாட்டார்கள்.

1972இல் அங்கே தடையற்ற வணிக மண்டலம் தொடங்கிய காலத்தில் கேட்டில் காவலுக்கு நிற்கும் ஜாகா பாஸை வாங்கி வைத்துக்கொண்டால் கதை முடிந்தது. இன்றைக்கு ஆள் கேட்டைத் தாண்டிப் போன பிறகும் அவருடைய கணினிக் கணக்கு உள்ளேயே இருக்கும்.

பக்கத்தில் சிங்கப்பூரில் நடந்ததைக் கேள். என்சிஎஸ் என்ற ஐடி நிறுவனத்தில் ஒருவருக்கு 2022 நவம்பர் 16 கடைசி நாள். வேலை சரியில்லை என்று ஒப்பந்தத்தை முடித்துவிட்டார்கள், மனிதருக்கு மனத்தாங்கல். இந்தியாவுக்குத் திரும்பியவர், ஜனவரியில் அங்கிருந்தே 6 முறை பழைய நிறுவனத்தின் சிஸ்டத்துக்குள் போய்ப் பார்த்தார். நிர்வாகி பாஸ்வேர்டு அப்படியே வேலை செய்தது! பிறகு வேறு வேலை கிடைத்துச் சிங்கப்பூர் வந்தவர், மார்ச்சில் 13 முறை நுழைந்தார். 18, 19 தேதிகளில் 180 மெய்நிகர் சர்வர்கள் ஒவ்வொன்றாக அழிந்தன. நல்லவேளை, சோதனைக்கு வைத்திருந்தவை. அப்படியும் நட்டம் 917,832 சிங்கப்பூர் வெள்ளி. 2024 ஜூனில் அவருக்கு 2 ஆண்டு 8 மாதம் சிறை.

குற்றம் அவருடையதுதான். மலேசியாவில் நம்மிடமும் 1997ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. ஆனால் சட்டம் வருவது சர்வர் போன பிறகு. நான்கு மாதம் திறந்து கிடந்த கதவைப் பற்றித்தான் நீ யோசிக்க வேண்டும்.

ஒருவர் பெயரிலுள்ள கணக்கை மூடுவது சுலபம். சிக்கல் யார் பெயரிலும் இல்லாத பாஸ்வேர்டில். ஒரு மெஷினுக்கு ஒரே பாஸ்வேர்டு, மூன்று ஷிப்டுக்கும் அதுவே. திரை ஓரத்தில் ஒட்டியும் வைத்திருப்பார்கள். ஒருவர் நின்றால் அதையும் அன்றைக்கே மாற்றச் சொல். சூப்பர்வைசர் முணுமுணுப்பார், பரவாயில்லை. யாரும் கவனிக்காத பழைய கணக்கும் ஆபத்துதான்: 2021 ஏப்ரல் கடைசியில் அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் நிறுவனத்துக்குள் திருடர்கள் நுழைந்தது, யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு விபிஎன் கணக்கு வழியாகத்தான். எண்ணெய்க் குழாயையே நிறுத்த வேண்டியதாயிற்று.

இன்னொன்று, ஏஜென்ட் மூலம் வருகிற காண்ட்ராக்ட் ஆட்கள். அவர்கள் உன் சம்பளப் பட்டியலில் இல்லை; போனாலும் உனக்குத் தெரியாது, உனக்குத் தெரியாததால் ஐடிக்கும் தெரியாது. அவர்கள் கணக்குக்குத் தொடக்கத்திலேயே காலாவதித் தேதி போடச் சொல். தேவை என்றால் நீட்டிக்கக் கேட்டு வரட்டும்.

அவசரத்தில் எதையும் அழித்துவிடாதே. முடக்குவது வேறு, அழிப்பது வேறு. தகுந்த காரணமின்றி நீக்கப்பட்டதாக நினைப்பவர் 60 நாளுக்குள் புகார் செய்ய 1967ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டம் இடம் தருகிறது. அப்போது அவருடைய பழைய மின்னஞ்சல் உனக்கும் வேண்டும், அவருக்கும் வேண்டும். அழித்திருந்தால் மறைத்ததாகத்தான் பேசுவார்கள். ஆகவே கடைசி நாளன்று முடக்கு. கோப்புகளை அவர் மேலாளர் பொறுப்பில் விடு. எப்போது அழிப்பது என்பதைச் சட்டப் பிரிவிடம் கேட்டு எழுதி வை.

தானாக ராஜினாமா கொடுப்பவரைத் திருடனைப்போல நடத்தவும் வேண்டாம். ஒப்பந்தத்தில் வேறு சொல்லாவிட்டால், 2 ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்குச் சட்டப்படி நோட்டீஸ் 4 வாரம். 2 முதல் 5 ஆண்டுக்குள் என்றால் 6 வாரம். 5 ஆண்டு கடந்தவருக்கு 8 வாரம். கடைசி நாள் முன்கூட்டியே தெரிகிறது, இல்லையா? எத்தனை மணிக்கு மூடப்போகிறோம் என்று அவரிடமே சொல். சொந்தப் படங்கள், போன் எண்களை எடுத்துக்கொள்ள நேரம் கொடு. வேலையிலிருந்து நீக்கப்படுகிறவர் விஷயம் மட்டும் வேறு: அவரை அறைக்குள் அழைத்துப் பேசும் அதே நேரத்தில் கணக்கு முடங்கியிருக்க வேண்டும். கொஞ்சம் கடுமையாகத் தெரியும்தான்.

முதல் வேலையாக, சம்பளப் பட்டியலையும் ஐடி பிரிவின் கணக்குப் பட்டியலையும் அருகருகே வைத்துப் பார். சம்பளமும் வாங்காமல், ஏஜென்ட் பட்டியலிலும் இல்லாமல், கணக்கு மட்டும் திறந்திருக்கும் பெயர்கள் எத்தனை என்று எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா