ஒரே சோர்ஸ், இரண்டு பில்ட் டைரக்டரி

லினக்ஸில் ஒரு புரோகிராமின் சோர்ஸ் கோடை இறக்கிக் கம்பைல் செய்கிறீர்கள். அன்றாடப் பயன்பாட்டுக்கு வேகமான பதிப்பு ஒன்றும், பிழை தேட டீபக் தகவல்களுடன் இன்னொன்றும் தேவை. ஒரே டைரக்டரியில் இரண்டையும் கம்பைல் செய்தால் பின்னது முன்னதன் மேல் எழுதிவிடும். சோர்ஸையே இரண்டாகக் காப்பி செய்யலாமே என்கிறீர்களா? வேண்டாம். ஒன்றில் திருத்திவிட்டு மற்றதில் மறந்துவிட்டால், எது சரியான பைல் என்று தெரியாமல் திண்டாடுவீர்கள்.

இங்கேதான் சிம்பாலிக் லிங்க் கைகொடுக்கிறது. 1983ல் வெளியான 4.2 பிஎஸ்டி யூனிக்ஸிலேயே இருந்த வசதி இது. இன்னொரு பைல் இருக்கும் பாதையை மட்டும் இது வைத்திருக்கும். லிங்க்கைத் திறந்தால் அசல் பைலே திறக்கும். கம்பைலருக்கு வித்தியாசம் தெரியாது.

நூற்றுக்கணக்கான பைல்களுக்கு ஒவ்வொன்றாக லிங்க் போட யாருக்குப் பொறுமை இருக்கும்? அதற்கென எல்என்டிர் என்ற சிறு கட்டளை இருக்கிறது. எல், என் எழுத்துகளுடன் டைரக்டரி என்பதன் முதல் மூன்று ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து, சிறிய எழுத்தில் டைப் செய்யுங்கள். உபுண்டுவில் எக்ஸ்யூடில்ஸ்-டெவ் பேக்கேஜை நிறுவினால் இது கிடைக்கும்.

முதலில் சோர்ஸ் டைரக்டரியில் மேக் கிளீன் கொடுங்கள். பழைய ஆப்ஜெக்ட் பைல்கள் அங்கே கிடந்தால் அவற்றுக்கும் லிங்க் விழுந்து எல்லாம் குழம்பிவிடும். அடுத்து, சோர்ஸ் டைரக்டரிக்குப் பக்கத்திலேயே வேகம், சோதனை என இரண்டு டைரக்டரிகளை உருவாக்குங்கள். (பெயர்களை ஆங்கில எழுத்தில் வைப்பது நல்லது.) ஒவ்வொன்றினுள்ளும் சென்று எல்என்டிர், ஒரு ஸ்பேஸ், இரண்டு புள்ளி, ஒரு சாய்கோடு, சோர்ஸ் டைரக்டரியின் பெயர் என டைப் செய்து என்டர் தட்டுங்கள். துணை டைரக்டரிகள் நிஜமாகவே உருவாகும். பைல்கள் மட்டும் லிங்க்காக வரும்.

இனி இரண்டிலும் தனித்தனியே கம்பைல் செய்யலாம். ஜிசிசி கம்பைலருக்கு, வேகத்தில் -ஓ2 என்றும் (ஆங்கில ஓ எழுத்து, பூஜ்யம் அல்ல), சோதனையில் -ஜி என்றும் கொடுங்கள். உருவாகும் ஆப்ஜெக்ட் பைல்கள் அந்தந்த டைரக்டரியிலேயே தங்கும்.

திருத்தங்களை அசல் சோர்ஸில் மட்டும் செய்யுங்கள். சில எடிட்டர்கள் சேமிக்கும்போது லிங்க்கை நீக்கிவிட்டுப் புதிய பைலை வைத்துவிடும். அப்புறம் அந்தப் பைல் அசலோடு தொடர்பற்றுப் போகும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. இதுதான் பெரிய தொல்லை.

சோர்ஸில் புதிய பைல் சேர்ந்தால் எல்என்டிரை மறுபடி ஓட்டுங்கள். சோதனை டைரக்டரியை முழுவதும் அழித்தாலும் அசலுக்குச் சேதமில்லை. ஆனால் சோர்ஸ் டைரக்டரியின் பெயரை மாற்றினால் எல்லா லிங்க்குகளும் அறுந்துவிடும்.